கடனுக்கும் ஓட்டு

கேள்வி: அமெரிக்காவில் ஒரு நகராட்சி சாலை, குழாய் போடக் கடன் வாங்கவும் மக்களிடம் ஓட்டுக் கேட்குமாமே, உண்மையா? - ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கலிபோர்னியாவில் உண்மைதான் அம்மா. 2024 அக்டோபரில் சான் ஹோசேயில் மகள் வீட்டில் இருந்தேன். தபாலில் வந்த வாக்காளர் கையேட்டைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, மருமகன் பென்சிலால் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். சொத்து வரியிலிருந்து திருப்பிக் கட்டுவதாக ஊர் கடன் பத்திரம் வெளியிட்டால், அந்தச் சுமை வீட்டுக்காரர்களின் வரியில்தான் ஏறும். அதனால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்று 1879-லேயே மாநில அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். பள்ளிக் கட்டடங்களுக்கு மட்டும் 2000-இல் அதை 55 சதவீதமாகக் குறைத்தார்கள். சாலை, குடிநீர், ஏழைகளுக்கான வீடு இவற்றுக்கும் அதே சலுகை கேட்டு மாநில மக்களின் ஓட்டுக்கு விட்டதுதான் 2024-இன் ஐந்தாம் முன்மொழிவு. மகள் ஆதரவு, மருமகன் எதிர்ப்பு. இரண்டு நாள் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் சுமார் 55 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு வருத்தம்தான். நூற்றில் 66 பேர் சரி என்றாலும் மீதி 34 பேர் குடிநீர்க் குழாயைத் தடுத்துவிடலாம் என்பது நியாயமாகப் படவில்லை. ஆனால் கடன் எவ்வளவு, வரி எவ்வளவு ஏறும் என்று அச்சடித்து வீட்டுக்கே அனுப்புகிறார்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் கையேட்டைப் பென்சில் கோடுகளோடு ஊருக்கு எடுத்து வந்திருக்கிறேன்.