ஜிர்கோனியா என்று சொல்லி மெட்டல் கேப் போட்டிருக்கிறார், கேஸ் போடலாமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் விவசாயம். கோவையில் ஒரு பல் டாக்டரிடம் ரூட் கெனால் செய்து, மூன்று பல்லுக்கு ஜிர்கோனியா (உலோகம் கலக்காத வெள்ளை செராமிக்) கேப் என்று பேசி 36,000 ரூபாய் ஜீபேயில் கொடுத்தேன். இருபது மாதம் ஆகிறது. போன மாதம் ஒரு கேப் உடைந்தது, உள்ளே சாம்பல் நிறத்தில் உலோகம் தெரிகிறது. கேட்கப் போனால் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. மச்சினி கல்யாணத்தில் வாயை மூடிக்கொண்டே நின்றேன். போலீசில் மோசடிப் புகார் கொடுத்துவிட்டு, நுகர்வோர் கோர்ட்டில் பத்து லட்சம் கேட்கலாமா?

பதில்: உட்கார வைத்ததும் கல்யாணத்தில் வாய் திறக்காததும் மனுவில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாங்க. போலீசுக்கும் போக வேண்டாம், "சிவில் மேட்டர்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், உங்களுக்கு நாள்தான் போகும். நீங்கள் எழுதியதில் எனக்கு வேண்டியது ஒரே வார்த்தை, ஜிர்கோனியா என்று "பேசி". அது எதில் எழுதியிருக்கிறது? பில்லில் "கேப் 3" என்று மட்டும் இருந்தால் ஜீபே ரசீது பணம் போனதைத்தான் காட்டும், என்ன பொருளுக்குப் போனது என்று காட்டாது. வாரண்டி கார்டு, எஸ்டிமேட் சீட்டு, கிளினிக்கிலிருந்து வந்த வாட்ஸ்அப், எதிலாவது அந்தச் சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். "தரமில்லாத கேப் போட்டார், உடைந்துவிட்டது" என்று மனு எழுதிவிடுவார்கள். மெட்டல் செராமிக் (உள்ளே உலோகம், மேலே செராமிக் பூச்சு) மட்டமான பொருள் கிடையாது, பல வருடமாக உலகம் முழுக்கப் போடுகிறார்கள், மேலே இருக்கும் செராமிக் சில்லு பெயர்வது அதில் தெரிந்த விஷயம்தான் என்று டாக்டர் தரப்பில் ஒரு பல் மருத்துவப் பேராசிரியரைக் கூட்டிவந்து சொல்ல வைத்தால் கேஸ் அங்கேயே படுத்துவிடும். உங்கள் வழக்கு உடைந்ததைப் பற்றியது இல்லை. ஒரு பொருளுக்குக் காசு வாங்கி வேறு பொருள் கொடுத்தார், அவ்வளவுதான். ஜிர்கோனியா உடைந்தாலும் உள்ளே வெள்ளையாகத்தான் இருக்கும், சாம்பல் உலோகம் வர வழியே இல்லை.

அதனால் அந்த உடைந்த சில்லை எங்கே வைத்திருக்கிறீர்கள்? என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வலி தாங்காமல் வேறு டாக்டரிடம் போய் கேப்பை அறுத்து எடுத்துவிட்டுத்தான் வருவார்கள். அறுத்த துண்டு அங்கேயே குப்பைக்குப் போயிருக்கும். அந்த இரண்டாவது டாக்டர் "இது மெட்டல்தாங்க" என்று வாயால் சொல்வார், லெட்டர்பேடில் எழுதித் தரச் சொன்னால் தரமாட்டார். எக்ஸ்ரே போதுமே என்பார்கள், போதாது, உலோகமும் ஜிர்கோனியாவும் எக்ஸ்ரேயில் இரண்டுமே வெள்ளையாகத்தான் விழும். கேப்பைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் முன்னும் பின்னும் போட்டோ எடுக்கச் சொல்லி, துண்டுகளைக் கவரில் போட்டு, தேதியோடு டாக்டர் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். பொருளை ஆய்வுக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு (நீங்கள் சொல்லும் நுகர்வோர் கோர்ட்தான்) அதிகாரம் இருக்கிறது, ஆனால் அனுப்பப் பொருள் வேண்டுமே. டாக்டருக்கு டென்டல் லேப் கொடுத்த பில்லையும் ஆர்டர் சீட்டையும் தாக்கல் செய்யச் சொல்லி மனு போடலாம். எழுத்தில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு அதுதான் கடைசிப் பிடி.

உடைந்த அன்றைக்கு டாக்டருக்கு மெசேஜ் போட்டீர்களா? பள்ளிபாளையம் சிக்கனில் எலும்பு கடித்தேன், தேங்காய்ச் சில்லு கடித்தேன் என்று ஏதாவது எழுதியிருந்தால் என்னிடம் மறைக்காதீர்கள், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான். இனிமேல் அவருக்குக் கோபமாக எதுவும் அனுப்ப வேண்டாம். கூகுளில் "திருடன்" என்று ரிவ்யூ எழுதியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அவதூறு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

நாள் கணக்கு இன்னும் மோசம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவுப்படி வழக்குப் போட இரண்டு வருடம்தான். உலோகம் தெரிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று நான் வாதாடுவேன், கேப் போட்ட நாளிலிருந்து என்று அவர்கள் வாதாடுவார்கள். அந்தச் சண்டையே வேண்டாம், உங்களுக்கு நான்கு மாதம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் அனுப்பினால் கெடு நீளும் என்று நம்பி, பதில் நோட்டீஸ், மறு நோட்டீஸ் என்று இழுத்தே நாளைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். நோட்டீஸால் ஒரு நாள்கூட நீளாது. கோவைக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டம் என்பதால் ஈரோட்டிலேயே போடலாம், இந்தத் தொகைக்குக் கோர்ட் கட்டணமும் கிடையாது.

ஆனால் என்னைக் கேட்டால் கேஸே வேண்டாம். பத்து லட்சம் யாரும் தரப்போவதில்லை. 36,000மும், கேப்பை மாற்றும் செலவும், மேலே கொஞ்சமும் கிடைத்தால் அதுவே பெரிது, அதற்கும் வருடக்கணக்கில் வாய்தா. ஒரு நோட்டீஸ், அதில் லேப் பில்லைக் கேட்டு ஒரு வரி, பதினைந்து நாள் கெடு. டாக்டர் தவறு செய்திருந்தால் அந்த ஒரு வரியிலேயே பேச வருவார். இலவசமாக வேறு கேப் போட்டுத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பழைய கேப் அவர் கைக்குப் போய்விடும். பணமாக, பேங்க் வழியாக வாங்குங்கள். மற்ற இரண்டு கேப்பும் கணக்கில் சேர வேண்டும். "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அவர்கள் டைப் செய்து நீட்டும் பேப்பரில், பணம் கணக்கில் ஏறும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.