பழைய லேத்துக்கு கார்பைடு இன்சர்ட் சரிப்படுமா, எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலே போதுமா?

நீங்கள் சொன்னது இவ்வளவு: 6 அடி லேத், 1 எச்பி மோட்டார், பெல்ட்டை மாற்றி வேகம் மாற்றும் பழைய வகை. எம்எஸ் (மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு) ஷாஃப்ட், புஷ் வேலைதான் அதிகம். யாரோ சொன்னார்கள் என்று இன்சர்ட், அதாவது கழற்றி மாற்றும் கார்பைடு முனை, மாட்டும் ஹோல்டர் வாங்கினீர்கள். வேலை வேகமாகவும் இல்லை, முனையும் அடிக்கடி உடைகிறது.

கோவையில் ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறேன். இந்தக் கேள்விக்கு எல்லோரும் டூலைப் பற்றியே பதில் சொல்வார்கள். நான் முதலில் உங்கள் மோட்டாரைப் பார்க்கச் சொல்வேன்.

எம்எஸ் வெட்டும்போது, வெட்டி வரும் சுருளின் குறுக்குப் பரப்பு ஒரு சதுர மி.மீ. இருந்தால் டூல் மேல் சுமார் 2000 நியூட்டன் விசை வரும். 2 மி.மீ. ஆழம், 0.25 மி.மீ. ஃபீட் (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) வைத்தால் அரை சதுர மி.மீ., அதாவது 1000 நியூட்டன். கார்பைடுக்குத் தோதான வெட்டு வேகம் (டூலைக் கடந்து இரும்பு ஓடும் வேகம்) நிமிடத்துக்கு 150 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இந்த வெட்டுக்கு 2.5 கிலோவாட் வேண்டும். உங்களிடம் இருப்பது முக்கால் கிலோவாட். பெல்ட்டும் கியரும் தின்றதுபோக ஸ்பிண்டிலுக்கு 0.55 வந்தால் பெரிய விஷயம். ஆக, அந்த வேகத்தில் 0.4 மி.மீ. சொச்சம்தான் ஆழம் கொடுக்க முடியும். அதற்கு மேல் போனால் பெல்ட் வழுக்கும். எச்எஸ்எஸ் டூலை அதன் வேகமான 28 மீட்டரில் ஓட்டினால் அதே மோட்டாரில் 2.3 மி.மீ. வரை எடுக்கலாம். பெருக்கிப் பாருங்கள், இரண்டிலும் ஒரு நிமிடத்தில் கழிகிற இரும்பு ஒன்றேதான். சின்ன மோட்டாரில் இன்சர்ட் போட்டால் ரஃபிங் (முதலில் கனமாகக் கழிப்பது) வேகமாகாததற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது ஆர்பிஎம். 20 மி.மீ. ஷாஃப்ட்டில் 150 மீட்டர் வேகம் வேண்டுமானால் ஸ்பிண்டில் 2400 சுற்ற வேண்டும். உங்கள் லேத்தின் உச்சம் 450 என்று வைத்துக்கொள்வோம். அதில் வருவது 28 மீட்டர், அச்சு அசலாக எச்எஸ்எஸ் வேகம். இவ்வளவு மெதுவாக ஓடினால் எம்எஸ் இரும்பு இன்சர்ட் முனையில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிய்த்துக்கொண்டு போகும்போது முனையின் ஒரு துணுக்கையும் சேர்த்து எடுத்துப் போகும். ஃபினிஷும் சொரசொரவென்று வரும். இன்சர்ட் தரமில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுவதில் பயனில்லை.

உடைவதற்கு இன்னும் சில காரணங்கள் உண்டு. கிராஸ் ஸ்லைடில் ஆட்டம் இருந்தால் கார்பைடு தாங்காது, கிப்பை (ஸ்லைடின் ஆட்டத்தைச் சரிசெய்யும் பட்டையை) இறுக்குங்கள். ஹோல்டரை வெளியே நீட்டிக் கட்டாதீர்கள். டூல் முனை ஸ்பிண்டிலின் மையத்துக்குச் சரியான உயரத்தில் (சென்டர் உயரம்) வரவில்லையென்றால் தகடு வைத்து ஏற்றுங்கள். மிக முக்கியமாக, டூல் வெட்டிக்கொண்டிருக்கும்போதே மெஷினை நிறுத்தாதீர்கள். கார்பைடு முனை தெறிக்க அது ஒன்றே போதும். கூலன்ட் ஊற்றினால் விடாமல் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றவே வேண்டாம். சூடான முனையில் பிரஷ்ஷால் அவ்வப்போது தடவினால் மயிரிழை விரிசல் விழும்.

சரி, இன்சர்ட்டே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். 50 மி.மீ.க்கு மேற்பட்ட விட்டத்தில் 450 ஆர்பிஎம்மே 70 மீட்டர் தரும், அங்கே ஃபினிஷிங்குக்கு நன்றாக இருக்கும். காஸ்ட் அயர்னுக்கு, அதிலும் மணல் ஒட்டிய மேல்தோலுக்கு, எச்எஸ்எஸ் முனை நிற்காது. கார்பைடுதான், அதுவும் கூலன்ட் இல்லாமல். ஆனால் வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது சிஎன்எம்ஜி 120408. இரண்டு பக்கமும் முனை உள்ள, கிளியரன்ஸ் கோணமே (முனைக்குக் கீழே பக்கம் உள்வாங்கும் சரிவு) இல்லாத இன்சர்ட் அது. கனமான மெஷினுக்கு அருமையானது, உங்கள் லேத்தை அது தள்ளிவிடும். சிசிஎம்டி 09டி304 கேளுங்கள். 7 டிகிரி கிளியரன்ஸ் இருப்பதால் வெட்டு லேசாக இருக்கும். முனை இரண்டுதான் கிடைக்கும், போகட்டும். கடைசியில் வரும் 04, 08 என்பது நோஸ் ரேடியஸ், அதாவது 0.4, 0.8 மி.மீ. 0.8 முனையை வைத்துக்கொண்டு 0.1 மி.மீ. தோல் சீவினால் வெட்டாது, தேய்க்கும். பெட்டியில் நிறமும் இருக்கும்: ஸ்டீலுக்கு நீலம், ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மஞ்சள், காஸ்ட் அயர்னுக்கு சிவப்பு.

மற்ற எல்லாவற்றுக்கும் எச்எஸ்எஸ். கீவே (சாவி உட்காரும் பள்ளம்) வெட்டிய ஷாஃப்ட், சதுரக் கம்பி போல விட்டு விட்டு வெட்டும் வேலையில் அது அடியைத் தாங்கும். வேண்டிய வடிவத்துக்கு நாமே சாணை பிடித்துக்கொள்ளலாம். பெரிய பலவீனம் சூடு. அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 1900களின் தொடக்கத்தில் எழுதிவைத்த டூல் ஆயுள் கணக்கு இன்றும் அப்படியே பொருந்துகிறது: வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் எச்எஸ்எஸ் முனையின் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். அதே பத்து சதவீதத்துக்கு கார்பைடு மூன்றில் ஒரு பங்குதான் இழக்கும். எச்எஸ்எஸ்ஸில் சுருள் நீலமாக வந்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள். கார்பைடில் நீலம் வந்தால் கவலை வேண்டாம்.

அப்புறம், 304 ஸ்டெயின்லெஸ் வேலை வந்தால் எந்த டூலாக இருந்தாலும் ஃபீடை நடுவில் நிறுத்தித் தயங்காதீர்கள். தேய்த்த இடம் இறுகிக்கொள்ளும், அடுத்த கட் உள்ளே இறங்காது. 0.1க்குக் குறையாத ஃபீட், ஆட்டோவில் போட்டு ஒரே ஓட்டம். எவ்வளவு வேலை வருகிறது என்று தெரியாமல் இன்சர்ட் பெட்டி பெட்டியாக வாங்க வேண்டாம். மேலே சொன்ன சிசிஎம்டிக்கு ஒரு ஹோல்டர், நீலத்தில் ஐந்து, சிவப்பில் ஐந்து போதும். பாக்கிப் பணத்தில் கிரைண்டருக்கு நல்ல வெள்ளைக் கல் ஒன்று போடுங்கள்.