கலோரிமீட்டருக்குத் தெர்மோகோல் போதுமா?

கேள்வி: கோவையில் ஆய்வு மாணவர் நான். எலெக்ட்ரான் கற்றையின் டோஸ் (பொருள் உள்வாங்கும் கதிர்வீச்சு ஆற்றல்) அளக்க, கிராஃபைட் வட்டைத் தெர்மோகோலுக்குள் பொதித்து, வட்டு எவ்வளவு சூடாகிறது என்பதை வைத்து டோஸைக் கணக்கிடும் கலோரிமீட்டர் செய்திருக்கிறோம். கிராஃபைட்டின் தன்வெப்பம் (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஆற்றல்) 0.71 ஜூல் என்று வைத்துக் கணக்கிட்டால், 25 கிலோகிரே டோஸுக்கு 22தான் வருகிறது (ஒரு கிலோகிரே என்பது கிராமுக்கு ஒரு ஜூல்). கன்வேயரிலிருந்து எடுத்து அளப்பதற்குள் சூடு இறங்கிவிடுகிறதா? டீலர் ஒருவர் ‘ரேடியேஷன் கிரேடு’ காப்புப் பலகை வாங்கச் சொல்கிறார். நண்பரோ மருத்துவமனை லினாக்கில் (புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் இயந்திரம்) வைத்துச் சோதிக்கலாம் என்கிறார்.

பதில்: அந்தப் பலகையை வாங்காதீர்கள். குளிர்பதனக் கிடங்குச் சுவருக்குப் போடும் பஃப் (பாலியூரித்தேன் நுரை) பேனலையே தகட்டை உரித்துவிட்டு, பெயர் மாற்றி, பல மடங்கு விலைக்குத் தள்ளிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். எத்தனை கிலோகிரே வாங்கிய பிறகு அதன் வெப்பக் கடத்துதிறன் எவ்வளவு மாறியது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. காப்புக்கு மட்டும் தனியாக ‘காலிப்ரேஷன் சர்டிபிகேட்’ தருகிறேன் என்றால் இன்னும் உஷாராக இருங்கள். காலிப்ரேஷன் என்பது முழுக் கலோரிமீட்டருக்கு, அதுவும் தேசிய அளவீட்டுத் தரத்தோடு தொடர்புள்ள டோசிமீட்டரை (டோஸ் அளக்கும் கருவி) அருகில் வைத்து ஒப்பிட்டுச் செய்வது. கல்லூரிகளிலோ ஒரு தெர்மோகோல் பலகைக்கு மூன்று கொட்டேஷன் கேட்பார்கள், சர்டிபிகேட் ஒட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பில்லைப் பாஸ் செய்வார்கள். இந்த முறையால்தான் இடைத்தரகர்கள் வாழ்கிறார்கள்.

தெர்மோகோல் நல்ல பொருள். வெப்பக் கடத்துதிறன் (குறைந்தால் நல்ல காப்பு) மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 0.035 வாட், பஃப் 0.023 அளவில் இருக்கும். வித்தியாசம் உண்டு, ஆனால் உங்கள் வேலைக்குத் தெர்மோகோலே போதும். பாலிஸ்டைரீன் மூலக்கூறில் உள்ள பென்சீன் வளையங்கள் கதிர்வீச்சை நன்றாகத் தாங்கும். அடர்த்தி குறைவு என்பதால் கற்றையையும் அவ்வளவாகத் தடுக்காது. கிளாஸ் வூல் வேண்டாம். அமுக்குகிற விதத்துக்கேற்ப அடர்த்தி மாறும்.

சரி, குறைந்த 3 கிலோகிரே எங்கே போனது? பாதிக்கு மேல் காப்பில் போகவில்லை, கணக்கில் போயிருக்கிறது. கிராஃபைட்டின் தன்வெப்பம் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் கூடும். 25 கிலோகிரேயில் வட்டு 32, 33 டிகிரி சூடாகும். தொடக்க வெப்பநிலைக்கும் இறுதி வெப்பநிலைக்கும் நடுவில் உள்ள மதிப்பை, ஏறக்குறைய 0.77ஐ, போடுங்கள். 7, 8 சதவீதம் திரும்பி வந்துவிடும்.

மிச்சம்தான் சூடு இறங்கிய கணக்கு. எடுத்த பிறகு ஒரே ஒரு அளவோடு நிறுத்தாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக அரைமணி நேரம் எழுதுங்கள். சுற்றுப்புறத்தைவிட எத்தனை டிகிரி அதிகம் என்பதன் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்து, கோட்டைக் கற்றை பட்ட நேரம் வரை பின்னோக்கி நீட்டுங்கள். முதல் சில நிமிடப் புள்ளிகளை விட்டுவிடலாம், ஏனென்றால் தெர்மோகோலும் கற்றையில் சூடாகியிருக்கும்.

லினாக் யோசனையை மட்டும் கைவிடுங்கள். மேலே சொன்ன எதுவும் அங்கே செல்லாது. அங்கே டோஸ் கிலோகிரேயில் இல்லை, கிரேயில். ஒரு கிரேக்குக் கிராஃபைட் 0.0014 டிகிரிதான் ஏறும், தண்ணீர் 0.00024 டிகிரி. அறையின் ஏசி ஒருமுறை ஓடி நின்றாலே இதைவிடப் பெரிய மாற்றம் வரும். எத்தனை அடுக்குத் தெர்மோகோல் சுற்றினாலும் அது கசிவைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. அதற்கு வெற்றிட இடைவெளி வேண்டும், தனித்தனியே வெப்பநிலை கட்டுப்படுத்திய உறைகள் வேண்டும். தண்ணீர் என்றால் உள்ளே சுழற்சி எழாதபடி 4 டிகிரியில் வைக்க வேண்டும். தரநிலை ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் செய்கிற வேலை அது. புராஜெக்ட் முடியும் காலத்துக்குள் ஆகாது.

அப்புறம், வட்டின் வெப்பநிலையை அளக்கும் தெர்மிஸ்டரின் கம்பியைப் பாருங்கள். தடிமனான செம்புக் கம்பி நேராக வெளியே வந்தால் அது வழியாகவே சூடு ஓடிவிடும். மெல்லிய கம்பியாக மாற்றி, தெர்மோகோலுக்குள்ளேயே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி வெளியே எடுங்கள். தெர்மோகோலின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் வெளிச்சம் தெரிந்தால், பலகையைப் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.