பெயிண்ட் அடிச்சு வந்த வண்டியில சின்னக் கோளாறா? உங்க கேள்விகளுக்குப் பதில்

இந்த வாட்டி வந்ததெல்லாம் டிங்கரிங் முடிஞ்சு வந்த வண்டியைப் பத்தின கேள்விதான். வயர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸைக் கழட்டுங்க, எத்தனை தடவை சொன்னாலும் இதை மட்டும் விட்டுடுறீங்க.

பின்பக்கம் வேலை பார்த்தப்புறம் இண்டிகேட்டர் போட்டா பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குது. பல்பு ரெண்டு தடவை மாத்தியாச்சு. (லாஸ்பேட்டை)

பல்புக்குக் காசைக் கரைக்காதீங்க, இது எர்த் கோளாறு, அதாவது கரண்ட் வண்டி பாடி வழியா பேட்டரிக்குத் திரும்புற இணைப்பு சரியில்ல. எர்த் போல்ட் உக்கார்ற இடத்துலயும் பெயிண்ட் அடிச்சிருப்பாங்க. மைனஸைக் கழட்டிட்டு, அந்த போல்ட்டை எடுத்து, அடியில தகரம் பளிச்சுனு தெரியுற வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, நல்லா டைட் பண்ணி மேல வாசலின் தடவுங்க, நம்ம ஊர் உப்புக்காத்துல வெறும் தகரம் தாங்காது.

பேட்டரி கழட்டி மாட்டினதுலேர்ந்து டிரைவர் கண்ணாடி ஒரே தட்டுல ஏறல. (நெல்லிக்குப்பம்)

கண்ணாடியை முழுசா ஏத்தி, சுவிட்சை விடாம அஞ்சு செகண்ட் பிடிங்க. முக்கால்வாசி வண்டியில சரியாயிடும்.

பின் கதவு டிங்கரிங் பண்ணி மூணு மாசம் ஆச்சு. பிரேக் அடிச்சா கதவுக்குள்ள தண்ணி சத்தம், கீழ மேட்டும் ஈரம். (மஞ்சக்குப்பம்)

இதைப் படிச்சதும் எனக்கு ஆத்திரமா வருது, ஏன்னா நூறு தடவை பார்த்த தப்பு இது. கண்ணாடி ஓரமா மழைத்தண்ணி கதவுக்குள்ள இறங்கத்தான் செய்யும், அது வெளிய போகத்தான் கம்பெனியே கதவு அடியில மூணு நாலு ஓட்டை விட்டிருக்கான், அதைப் போயி பட்டியும் (பள்ளத்தை நிரப்புற பசை) சீலன்ட்டும் வெச்சு அடைச்சு மேல பெயிண்டையும் அடிச்சு அழகா குடுத்துடுறாங்க. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் அடிச்சு ஓஞ்சப்புறம் என்கிட்ட வந்த ஒரு கதவுல ஈர்க்குச்சியை விட்டுக் குத்தினதும் டீ கலர்ல துருத்தண்ணி ஒரு லிட்டருக்கு மேல கொட்டுச்சு, வெளிய பார்த்தா பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னுது! உள்ளேர்ந்து அரிச்சு வெளிய கொப்புளம் வந்தப்புறம் திரும்ப டிங்கரிங்தான். நீங்க கதவைத் திறந்து கீழ் விளிம்பை விரலால தடவி ஓட்டையைத் தேடுங்க, ஈர்க்குச்சியால குத்துங்க, இரும்புக் கம்பி வேணாம், பெயிண்ட் கீறிடும். மேட் ஈரத்துக்குக் காரணம் வேற, டோர் பேடுக்கு (கதவோட உள்பக்க அட்டை) பின்னாடி இருக்குற பிளாஸ்டிக் ஷீட்டை கிழிச்சிருப்பாங்க, இல்ல சரியா ஒட்டியிருக்க மாட்டாங்க. பியூட்டைல் டேப்னு ரப்பர் மாதிரி பிசுபிசுன்னு ஒட்டுற டேப் இருக்கு, அதை வாங்கி சுத்தி ஒட்டுங்க. செல்லோடேப் ஒரு மழைக்குக்கூட நிக்காது. வண்டி டெலிவரி எடுக்கும்போதே இந்த ஓட்டையைப் பார்த்து வாங்குங்க.

மீட்டர்ல லைட் எரியுது, என்ன செய்யலாம்? (அரியாங்குப்பம்)

எந்த லைட்? என்ன வண்டி? இதெல்லாம் எழுதாம நான் எப்படிச் சொல்றது? ஏர்பேக் லைட்டா இருந்தா, சீட்டைக் கழட்டினப்ப அடியில மஞ்சள் சாக்கெட்டை லூசா விட்டிருக்கலாம். டெஸ்ட் லேம்ப் வெச்சுக் குத்தவே குத்தாதீங்க, வெடிச்சா முகம் போயிடும். வேலை பார்த்த ஷாப்புக்கே கொண்டு போங்க.

புது பெயிண்ட்டுக்கு வாக்ஸ் எப்ப போடலாம்? (பாகூர்)

ஒரு மாசம் போகட்டும். அதுவரைக்கும் வெறும் தண்ணி போதும், பீச் பக்கம் போயிட்டு வந்தா அன்னிக்கே கழுவுங்க.

பம்பர் மாத்தினப்புறம் எதிர்ல வர்றவங்கல்லாம் டிம் அடிக்கச் சொல்றாங்க. (பண்ருட்டி)

ஹெட்லைட் செட்டிங் மாறியிருக்கு. சமதளத்துல சுவத்துலேர்ந்து 25 அடி தள்ளி நிறுத்தி டிம் போடுங்க, லைட் நடு உயரத்துக்கு ரெண்டு இன்ச் கீழயே சுவத்துல வெளிச்சத்தோட மேல் விளிம்பு நிக்கணும். பின்னாடி இருக்குற ஸ்க்ரூவை கால் சுத்து, கால் சுத்தா திருப்புங்க. டயர்ல காத்து சரியா இருக்கான்னு முதல்லயே பார்த்துக்குங்க, இல்லாட்டி திரும்பவும் செட் பண்ணணும்.