ஆறு மாதம் தாண்டினால் கை வராதா?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. எட்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்தது. இப்போது நன்றாக நடக்கிறார். வலது கை மட்டும் பலவீனமாக இருக்கிறது. மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சம் விரிக்கிறார், ஆனால் எதற்கும் இடது கையைத்தான் நீட்டுகிறார். “செத்த மூளை செல் திரும்பாது, ஆறு மாதத்தில் வந்ததுதான்” என்கிறார்கள். பிசியோதெரபியை நிறுத்திவிடலாமா? மாத்திரை ஏதாவது உண்டா?

பதில்: நிறுத்த வேண்டாம். செத்த செல் திரும்பாது என்பது சரிதான். ஆனால் கை அசைய அதே செல்கள்தான் வேண்டும் என்றில்லை. 1996-ல் மூளை ஆய்வாளர் ராண்டல்ஃப் நூடோ குழுவினர் குரங்குகளின் மூளையில், கையை இயக்கும் இடத்தில் சிறு காயம் உண்டாக்கிப் பார்த்தார்கள். பயிற்சி இல்லாத குரங்குகளில் காயத்தைச் சுற்றியிருந்த நல்ல பகுதியும் கையை இயக்கும் வேலையை விட்டுவிட்டது. பயிற்சி பெற்றவற்றில் அந்த வேலை தங்கியது. சிலவற்றில் தோளுக்கும் முழங்கைக்கும் உரிய பகுதிகூடக் கைக்கு மாறியது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது, அப்பா இடது கையையே நீட்டுகிறார் என்ற வரிதான். முதல் வாரங்களில் வலது கையால் முயன்று முயன்று தோற்றிருப்பார். அப்புறம் மூளை ஓரளவு தேறியும், அந்தக் கை உதவாது என்ற பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர் இதைக் குரங்குகளிடம் கண்டார். நல்ல கையைக் கட்டிவைத்ததும், ஒதுக்கிய கையை அவை பயன்படுத்தத் தொடங்கின.

அதிலிருந்து வந்த சிகிச்சையை 222 பேரிடம் சோதித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள். அப்பாவும் இந்தக் கணக்கில் வருகிறார். சிகிச்சை பெற்றவர்கள் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையைப் பயன்படுத்தாமலிருக்க அதில் உறை மாட்டிக்கொண்டார்கள். வார நாட்களில் ஆறு மணி நேரம் வரை பயிற்சி. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களின் கை நன்றாக வேலை செய்தது, ஒரு வருடம் கழித்தும். மணிக்கட்டும் விரல்களும் ஓரளவாவது விரிபவர்களுக்குத்தான் இது பொருந்தும். பழைய கை அப்படியே வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது? வேகமான முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில்தான். பிறகு வேகம் குறையும், கதவு மூடுவதில்லை.

மாத்திரையைப் பொறுத்தவரை, ஃப்ளூவோக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்தின் மீது 2011-ல் ஒரு சிறிய ஆய்வால் நம்பிக்கை பிறந்தது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் கை கால் இயக்கத்துக்குப் பலன் தெரியவில்லை. எலும்பு முறிவு கூடியதுதான் மிச்சம். மனச்சோர்வு இருந்தால் அதற்குத் தரலாம், அது வேறு விஷயம்.

உறையை நீங்களாக வீட்டில் மாட்டிவிடாதீர்கள். தடுமாறும்போது பிடித்துக்கொள்ள நல்ல கை வேண்டும். பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்து, எந்த வேலைக்கு, எத்தனை மணி நேரம் என்று சொல்லட்டும். தோளில் வலி இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். வலிக்கிற தோளை இழுத்துப் பயிற்சி தரக் கூடாது.