பிரிட்டிஷ் படங்களில் வளரும் பிள்ளைகள்: கேள்வி பதில்

பல வருடமாக இந்தப் படங்களே கதி என்று இருப்பவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே வேண்டுகோள்: சப்டைட்டில் இல்லாமல் எதையும் பார்க்காதீர்கள்.

கே: எதிலிருந்து தொடங்கலாம் சார்?

ப: 'கெஸ்' (1969), கென் லோச் எடுத்தது. வட இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். பில்லி காஸ்பருக்குப் பள்ளியில் கடைசி ஆண்டு. அன்று அங்கே 15 வயதில் படிப்பை விட்டுவிடலாம். விட்டால் அண்ணனைப் போலச் சுரங்கம்தான். பையன் கெஸ்ட்ரல் என்ற சின்ன வேட்டைப் பறவையின் குஞ்சைக் கொண்டுவந்து பழக்குகிறான். வகுப்பில் வாயே திறக்காதவன், அதை எப்படிப் பழக்கினான் என்று எழுந்து நின்று சொல்லத் தொடங்கும்போது மொத்த வகுப்பும் அடங்கிப்போகும். எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

கால்பந்துக் காட்சியில் தன்னைக் கால்பந்து நட்சத்திரம் பாபி சார்ல்டனாகவே நினைத்துக்கொண்டு பொடியன்களைத் தள்ளிவிட்டு ஆடும் ஆசிரியராக வருபவர் பிரையன் குளோவர். நிஜத்திலும் வாத்தியார், கூடவே மல்யுத்தமும் செய்தவர். விழுந்து விழுந்து சிரிப்போம். அப்புறம் பையனைப் பச்சைத் தண்ணீர் ஷவரில் நிறுத்துவார், சிரிப்பு போய்விடும்.

வேலைவாய்ப்பு அதிகாரி வரும் காட்சியை மட்டும் தவறவிடாதீர்கள். காகிதத்தில் பையனுக்கு ஒரு வேலையை எழுதிவிட்டால் அவருக்குப் போதும். இந்த வகைப் படங்களில் முக்கால்வாசி அந்த அறையில்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. காதல் கீதல் எல்லாம் அப்புறம். இந்தப் பிள்ளைக்கு ஊரைத் தாண்டி வழி உண்டா என்பதிலேதான் கதை.

கே: எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். இருந்தும் ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

ப: வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்காட்லாந்துப் படமான 'கிரகரிஸ் கேர்ள்' (1981) அமெரிக்காவுக்குப் போனபோது பேச்சை மென்மையாக்கி மறுபடி டப்பிங் செய்தார்கள். லோச்சின் 'ஸ்வீட் சிக்ஸ்டீன்' (2002) பிரிட்டன் திரையரங்குகளிலேயே தொடக்கப் பகுதிக்குச் சப்டைட்டிலோடு ஓடியது. அவர்களுக்கே அந்தக் கதி. சப்டைட்டில் போடுங்கள்.

கே: எந்த ஓடிடியில் இருக்கிறது?

ப: பெயரைத் தட்டித் தேடுங்கள். இன்று இருப்பது அடுத்த மாதம் இருக்காது.

கே: ஹாரி பாட்டரும் இந்த வகைதானே?

ப: அது வேறு கடை.

கே: 'ஃபிஷ் டேங்க்' பார்த்தேன். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறது. டிவியில் கோளாறா?

ப: இல்லை. ஆண்ட்ரியா ஆர்னால்ட் 2009இல் வேண்டுமென்றே பழைய டிவி போன்ற 4:3 சட்டத்தில் எடுத்தார். 15 வயது மியாவைச் சுற்றி இடமே இல்லாத மாதிரி இருக்கும். தயவுசெய்து ஜூம் பண்ணி நிரப்பாதீர்கள். நாயகி கேட்டி ஜார்விஸுக்கு அதற்கு முன் நடிப்பே தெரியாது. டில்பரி ரயில் நிலையத்தில் காதலனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவரைப் படக்குழுவில் ஒருவர் பார்த்துக் கூப்பிட்டாராம். அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு வாங்கிய படங்களில் இதுவும் ஒன்று.

கே: 'கெஸ்' எந்த ஓடிடியில்?

ப: மேலே பாருங்கள்.

கே: என் மகளுக்குப் பத்து வயது. 'பில்லி எலியட்' காட்டலாமா?

ப: பிரிட்டனில் அதற்கு 15 வயதுச் சான்றிதழ், கெட்ட வார்த்தைகளுக்காக. நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நல்ல படம்தான், கொஞ்சம் ஏமாற்று வேலையும் உண்டு.

கே: எது ஏமாற்று? விளக்குங்கள்.

ப: கதை 1984-85 சுரங்க வேலைநிறுத்தத்தில் நடக்கிறது. ஏறக்குறைய ஒரு வருடம் போராடித் தோற்றார்கள். படத்தில் ஒரு பையன் பாலே ஆடி லண்டன் போகிறான், நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம். ஊர் பின்னால் மூழ்கிக்கொண்டிருக்கிறது. 'கெஸ்' இப்படி ஆறுதல் தராது.

கே: என் அப்பா ஆலைத் தொழிலாளி சார். வீட்டில் ஒருத்தன் தப்பித்தாலே எங்களுக்குப் பெரிசு. அதை ஏமாற்று என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம்.

ப: சரி, அந்தச் சொல் தடித்துவிட்டது. ஆனால் படத்தில் பில்லியின் அப்பா வேலைநிறுத்தத்தை மீறிக் கருங்காலி வேலைக்குப் பேருந்தில் ஏறுகிறாரே, அந்த அவமானத்தைப் படம் சீக்கிரம் கடந்துவிடுகிறது.

கே: கடக்கவில்லை. மகனுக்காகத்தான் ஏறுகிறார், பெரிய மகன் ஓடிவந்து கட்டிப்பிடித்துத் தடுக்கிறான், அப்பா உடைந்து அழுகிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கே (இன்னொருவர்): 'திஸ் இஸ் இங்கிலாந்து' பற்றி ஒரு வார்த்தை?

ப: ஷேன் மெடோஸ், 2006. பாருங்கள். குழந்தைகளோடு வேண்டாம். பழைய விஷயத்துக்கு வருகிறேன்.

நண்பரே, அழுகை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பில்லி பேருந்தில் போகும்போது அண்ணன் கீழே நின்று உன்னை நினைத்து ஏங்குவேன் என்கிறான், கண்ணாடிக்கு உள்ளே இருப்பவனுக்குக் கேட்பதில்லை. அதற்குப் பிறகு அப்பாவும் அண்ணனும் கூண்டு லிஃப்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது, ஊரைப் படம் மறக்கவில்லை. நான்தான் நடனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் போல. இன்று இரவு மறுபடி போடுகிறேன்.

கே: சப்டைட்டிலோடுதானே?

ப: சப்டைட்டிலோடுதான்.

கே: சார், எந்த ஓடிடியில்?