அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல நர்ஸே தனியா மயக்க மருந்து குடுப்பாங்களா?

ஆமா, குடுப்பாங்க. டாக்டரே இல்லாம எப்படின்னு கேட்டிருக்கீங்க, சர்ஜன் இருப்பாரு, ஆனா மயக்க மருந்துக்குன்னு தனி டாக்டர் பல சின்ன ஊர் ஆஸ்பத்திரிகள்ல கிடையாது, சிஆர்என்ஏன்னு சொல்ற, மயக்க மருந்து குடுக்கறதுக்குன்னே படிச்ச நர்ஸ்தான் எல்லாம். மெடிகேர்ங்கற மத்திய அரசு மருத்துவக் காப்பீட்டு விதிப்படி டாக்டர் மேற்பார்வை வேணும், ஆனா 2001ல மாநில கவர்னர் எழுதிக் குடுத்தா அது வேணாம்னு வழி விட்டாங்க, முதல்ல அதைப் பயன்படுத்துனதே அயோவாதான்.

இங்க கிரிட்டிக்கல் ஆக்சஸ்னு சொல்ற சின்ன கிராமப்புற ஆஸ்பத்திரி நிறைய, 25 படுக்கைக்கு மேல கூடாது. பகல்ல கொலனாஸ்கோபி, ஹெர்னியான்னு போகும். சிக்கல் ராத்திரியிலதான், திடீர்னு சிசேரியன் வந்தா நீங்களே முதுகுல ஸ்பைனல் ஊசி போடணும், போட்ட கொஞ்ச நேரத்துல பிபி சரசரன்னு இறங்கும், பிபியை ஏத்தற ஃபினைலெஃப்ரின் மருந்து சிரிஞ்ச்ல ரெடியா கையில இருக்கணும், கூப்பிட்டா ஓடி வர பக்கத்து ரூம்ல இன்னொரு ஆள் இருக்கமாட்டாங்க. அதனால யாரை இங்க வச்சு செய்யலாம், யாரை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஹெலிகாப்டர்ல அனுப்பணும்னு முன்னாடியே கணிக்கறதுதான் பாதி வேலை, என்னைக் கேட்டா ஊசி போடற கைத்திறமையை விட இதுதான் கஷ்டம்.

ஆன்-கால்ல, அதாவது கூப்பிட்டா உடனே வர வேண்டிய முறையில இருக்கறப்ப ஊரை விட்டு தூரமா போக முடியாது, பனிக்காலத்துல ரோடு வேற மூடிக்கும்.

சிஆர்என்ஏ ஆகணும்னா பிஎஸ்சி நர்சிங், குறைஞ்சது ஒரு வருஷம் ஐசியூ, அப்புறம் மூணு வருஷம் மயக்க மருந்துப் படிப்பு. 2022லருந்து புதுசா சேர்றவங்களுக்கு டாக்டரேட் கோர்ஸ்தான். ஐசியூல வென்டிலேட்டர் கேஸ் நிறைய பாத்துட்டு அப்ளை பண்ணுங்க.